எண்ணெய் பூசிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன்

வயிறு உப்பியதை நான் வாயு என்றுதான் நினைத்தேன். இரண்டு கவளம் தின்றால் போதும் என்று இருந்தது. அடிக்கடி ஒன்றுக்கு வந்தது. பாவாடை நாடா எட்டவில்லை. மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டேன். ஓமத் தண்ணீர் குடித்தேன். எனக்குத் தொழில் மீன். திரேஸ்புரம் கரையில் ஏலத்தில் எடுத்து, தெருத்தெருவாகப் போய் விற்பேன். சட்டியைத் தலைக்குத் தூக்கும்போது இடப்பக்கம் சுருக்கென்று இழுத்தது. சுளுக்கு என்று நினைத்தேன். இப்படி நானாக ஒன்றை நினைத்துக்கொண்டே பல மாதம் ஓட்டிவிட்டேன். இதைப் படிக்கிற பெண்பிள்ளைகள் அப்படி ஓட்டாதீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஒரு நாள் சட்டியை இறக்கி வைத்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. மீன் வாங்க வந்த டீச்சரம்மா ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார்கள். கிளினிக் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். முகம் மாறியது. "ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பிடித்த கோபம். பயமும் இருந்தது. ஆனால் கோபம்தான் அதிகம். யாரும் எதையும் முழுசாகச் சொல்வதில்லை.

ஸ்கேன் எடுக்க மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் கருப்பையும் அதன் பக்கத்தில் உள்ளதும் தெளிவாகத் தெரியுமாம். தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். முட்டிக்கொண்டு வந்தது. என் முறை வரும்போது வலி எடுத்த ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுவந்தார்கள். அவளை முன்னால் விட்டார்கள். அது நியாயம். அடுத்து கரண்ட் போனது. என்னால் அடக்க முடியவில்லை. போய்விட்டு வந்தேன்.

"போயிட்டு வந்துட்டீங்களா? அப்ப மறுபடியும் தண்ணி குடிங்க" என்றாள் வாசலில் இருந்த பெண்.

"நான் என்ன தொட்டியாம்மா?" என்றேன்.

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடியும் குடித்தேன்.

ஸ்கேன் எடுத்தவர் வயிற்றில் பசையைத் தடவி கருவியை ஓட்டினார். ஒரே இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

"என்னய்யா இருக்கு?"

"டாக்டர் சொல்லுவாங்க."

டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே காலையிலேயே போய் வரிசையில் நின்று, உட்கார்ந்து, மறுபடி நின்று, மத்தியானம் வாக்கில்தான் நானும் வீட்டுக்காரரும் பெண்கள் பிரிவு டாக்டரம்மாவைப் பார்த்தோம். பெண்களுக்குக் கருப்பையின் இரண்டு பக்கமும் சூலகம் என்று ஒன்று உண்டு. வாதாங்கொட்டை, அதுதான் பாதாம், அந்த அளவுதான் இருக்கும். மாதாமாதம் முட்டை வருவது அதிலிருந்துதான். அதில் சிலருக்கு நீர்க்கட்டி வரும். பலருக்கு வந்து தானாகவே வற்றிவிடும். எனக்கு இடது சூலகத்தில் வந்தது தேங்காய் அளவு. அதுவும் வெறும் நீர் இல்லை. உள்ளே ஒரு பக்கம் சதை மாதிரி கெட்டியாக இருந்தது. அந்தக் கெட்டிதான் சந்தேகம்.

"கேன்சரா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"இப்பவே சொல்ல முடியாதும்மா. ரத்தம் பாத்துருவோம்."

சி.ஏ. நூற்று இருபத்தைந்து என்று ஒரு ரத்தப் பரிசோதனை. எடுத்தார்கள். இருக்க வேண்டிய அளவை விடக் கூடுதல் என்று வந்தது.

"கூடுதல்னா கேன்சர்தானம்மா?"

"அப்படி இல்ல. வேற காரணத்துக்கும் கூடும். மாதவிலக்கு நேரத்துல எடுத்தாக்கூட ஏறும். சில பேருக்குக் கேன்சர் இருந்தும் ஏறாது."

"பொறவு என்னத்துக்கு என் ரத்தத்த எடுத்திய?"

டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "எல்லாத்தையும் சேத்து வச்சுத்தான் பாக்கணும்" என்றார். சேர்த்து வைப்பதற்காக சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதற்கு ஒரு சாய ஊசி போடுவார்கள். போட்டதும் உடம்புக்குள் சுடுதண்ணீர் ஓடுவது போல இருக்கும். படுத்தபடியே ஒன்றுக்குப் போய்விட்டோமோ என்று தோன்றும். போயிருக்க மாட்டீர்கள். அப்படித்தான் இருக்கும். எனக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வெட்கத்தோடு எழுந்து துணியைத் தொட்டுப் பார்த்தேன்.

அதிலும் முடிவாக ஒன்றும் தெரியவில்லை. ஊசியை விட்டுக் கொஞ்சம் உறிஞ்சிப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்டேன். கூடாதாம். கெட்டதாக இருந்தால் ஊசி குத்தின வழியில் வயிறெல்லாம் சிந்திப் பரவிவிடுமாம். இது ஒன்றுதான் எனக்கு உடனே விளங்கியது. மீன் வெட்டும்போது பிச்சு, அதாவது பித்தப்பை, உடைந்தால் சதை முழுக்கக் கசந்துபோகும். பிச்சை உடைக்காமல் எடுக்க வேண்டும். இதையும் அப்படித்தான் முழுசாக எடுக்க வேண்டும். எடுத்த பிறகு சோதனைக்கு அனுப்புவார்கள். வயதையும் பார்த்து, இரண்டு சூலகம், கருப்பை எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்றார்கள். எடுங்கள் என்றேன்.

எடுங்கள் என்று நான் சொன்னால் ஆயிற்றா? ரத்தம் குறைவாக இருக்கிறது, ஏற்றிவிட்டு வா என்றார்கள். இருதய டாக்டரைப் பார் என்றார்கள். மயக்க மருந்து டாக்டரைப் பார் என்றார்கள். ஒருவர் இருக்கிற நாளில் இன்னொருவர் இல்லை. வயிற்றுக்குள் அது கிடக்கிறது. நான் வராந்தாவில் கிடக்கிறேன்.

தேதி கிடைத்தது. மறுநாள் சேர வேண்டும். அன்று சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வீட்டுக்குள் நுழைந்தால் மேசை மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதன் மேல் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம். இரண்டு பக்கமும் மெழுகுதிரி. என் மாமியார் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தபோது இப்படித்தான் வைத்தோம். அதே துணி. வைத்தது என் வீட்டுக்காரரின் அக்கா ரோஸ்லின் மதினி.

"மதினி, இது என்னத்துக்கு?"

"சாமியார் வாராவ. உனக்கு எண்ணெ பூசத்தான்."

"அவஸ்தையா?"

"இப்ப அதுக்குப் பேரு வேற."

"டாக்டரம்மா உங்ககிட்ட என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லலியே மேரி" என்று மெழுகுதிரியைச் சரிசெய்தாள். என்னைப் பார்க்கவில்லை.

கத்தோலிக்கர்களான எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாகப்போகிறவர்களுக்குச் சாமியார், அதாவது பாதிரியார், வந்து நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி மந்திரிப்பதை நாங்கள் அவஸ்தை பூசுதல் என்போம். இப்போது அதை நோயில்பூசுதல் என்கிறார்கள். ஆபரேஷனுக்குப் போகிற யாருக்கும் கொடுக்கலாமாம். கோவிலில் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் அதெல்லாம் ஏறாது. எண்ணெய் வந்தால் ஆள் போகப்போகிறது. அவ்வளவுதான்.

சாமியார் வந்துவிட்டார். புதிதாக வந்த சின்னவர். வெள்ளை அங்கியும் ஊதா நிறத் துண்டுமாகத் தெருவில் நடந்து வந்திருக்கிறார். கூட கோவில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார், கையில் எண்ணெய்ச் சிமிழ். பார்த்தவர்கள் எல்லாரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். வாசலில் முட்டிபோட்டார்கள். ஒருத்தி நல்ல மரணத்துக்கான செபத்தை ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன் எல்லாரும் முட்டிபோட்டு இருக்காங்க?" என்று சாமியார் கேட்டார்.

"இங்க அப்படித்தான் சாமி" என்றார் உபதேசியார்.

"இது அவஸ்தை இல்லம்மா. பலம் கிடைக்கக் கொடுக்கிறது. பயப்படாதீங்க" என்று சாமியார் என்னிடம் சொன்னார். நல்ல பிள்ளை. அவர் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அவர் பூசப் பூச எனக்கு மனசில் ஒன்றுதான் ஓடியது. டாக்டரம்மா இவர்களிடம் சொல்லிவிட்டார்கள். எனக்கு மட்டும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

சாமியார் போனதும் தெரு உள்ளே வந்தது. பக்கத்து வீட்டு பிலோமி நான் எப்போதோ இரவல் கொடுத்த ஈயச் சட்டியைக் கழுவிக் கொண்டுவந்தாள். நான் மறந்தே போயிருந்தேன்.

"மேரிக்கா, ஓம் மவளப் பத்தி முந்தி ஒரு பேச்சு பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாத."

"என்ன பேச்சு?"

"அதான், அந்தப் பையன் கூட..."

"எந்தப் பையன்?"

எனக்கு அப்படி ஒரு பேச்சு இருந்ததே தெரியாது. என் மகள் பிரின்சி உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். பிலோமி அழுதாள். "நீ போயிட்டா யாருட்ட மன்னிப்பு கேப்பேன்?" என்றாள்.

"நான் போகல ஏளா. நீ வீட்டுக்குப் போ. ஒனக்கு எண்ணெ பூசும்போது நான் வந்து கேட்டுக்கிடுதேன்."

அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தது பிரின்சி. என் சாவுக்கு நானே விருந்து வைத்த மாதிரி இருந்தது. ஒருத்தி என் கன்னத்தைத் தடவிவிட்டு, "மொகம் எவ்வளவு அமைதியா இருக்கு பாரு" என்றாள். அமைதி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். டாக்டர்கள் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவரை வராந்தாவில் பிடித்தேன்.

"இந்தாருங்க, என்ன சொன்னாவ?"

"கையெழுத்துப் போடச் சொன்னாவ."

"வேற?"

"ரத்தம் குடுக்க ஆளு கூட்டியாரச் சொன்னாவ."

"வேற?"

"ஏளா, எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சா ஒங்கிட்ட மறைக்கத்தான் எனக்குத் தெரியுமா?"

அது உண்மை. அவருக்கு மறைக்கத் தெரியாது. வள்ளத்தில் போய் வெறும் வலையோடு வருகிற அன்றைக்கு வாசலிலேயே முகத்தில் தெரிந்துவிடும். ஆனாலும் நான் நம்பவில்லை. அக்காவுக்குச் சொல்லியிருப்பார்கள், அக்கா தம்பியிடம் சொல்லியிருக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டேன். ஒரு சந்தேகம் வந்துவிட்டால் எல்லாமே அதற்குச் சாட்சி ஆகிவிடுகிறது. நர்ஸ் அன்பாகப் பேசினால் சந்தேகம். அதட்டினாலும் சந்தேகம்.

என் பக்கத்துக் கட்டிலில் பேச்சியம்மாள். ஆற்றங்கரைப் பக்கம் வயல்காட்டு ஊர்க்காரி. கருப்பைக் கட்டிக்கு வந்தவள். எண்ணெய் பூசின கதையை அவளிடம் சொன்னேன். அவள் ஒருத்தியிடம்தான் சொன்னேன். தெரியாத ஆள் என்பதால் சொல்ல முடிந்தது.

"நீங்க வேதக்காரவியளா? அந்த எண்ணெய பொழைக்கதுக்குப் பூசுவியளா, சாகதுக்குப் பூசுவியளா?"

"ரெண்டுக்குந்தான்."

"அப்பம் பொழைக்கதுக்குன்னு வச்சுக்கிட வேண்டியதுதான. இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு."

"எங்க வீட்டாளுகளுக்கு ஏதோ தெரியும். மறைக்காவ."

"தெரிஞ்சாலும் மறைப்பாவ. தெரியாட்டியும் மறைப்பாவ. எங்க வீட்டுலயும் அதான்" என்று சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாதி கொடுத்தாள். அன்றைக்கு நான் சாப்பிடக் கூடாது. அதையும் அவளிடம் சொன்னேன். மறுபாதியையும் அவளே தின்றாள்.

ஆபரேஷன் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. முதுகில் ஊசி போட்டார்கள், மூக்கில் ஒரு மூடி வைத்தார்கள். கண் விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது. வயிற்றில் பெரிய கட்டு. மூத்திரத்துக்கு ஒரு குழாய். அசைந்தால் உயிர் போனது. பிரின்சி ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தாள். கட்டி உடையாமல் முழுசாக வந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னாள். அதை மட்டும் மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

எழுந்து நடக்கச் சொன்னார்கள். நடந்தால்தான் குடல் வேலை செய்யும், காலில் ரத்தம் கட்டாது. இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றில் அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இதைப் பேச்சியம்மாள் சொன்னாள். நன்றாக உதவியது. பார்வை நேரத்தில் வீட்டுக்காரர் வந்து மூத்திரப் பையை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடத்தினார். பையைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது, இடுப்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னதிலிருந்து குனிந்தே நடந்தார். மதினி தினமும் ரசமும் குழைந்த சோறும் கொண்டுவந்தாள். புண் ஆறும் என்று பால்சுறாவைப் புட்டு மாதிரி உதிர்த்துக் கொண்டுவந்தாள். முள் ஒன்றுகூட இருக்காது. நான் தின்று முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். அவள் மேல் கோபமாகவும் இருந்தது. அவள் கொண்டுவந்ததைத் தின்னவும் செய்தேன்.

ஒரு நாள் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தவளைக் கேட்டுவிட்டேன்.

"மதினி, சொல்லுங்க. டாக்டரம்மா உங்ககிட்ட என்ன சொன்னாவ?"

"எங்கிட்ட யாரு பேசுனா? டாக்டரம்மாவ நான் பாத்ததே இல்ல."

"பொறவு என்னத்துக்கு எண்ணெ பூசுனிய?"

"பயந்துட்டேன்ளா" என்றாள். "எங்கம்மைக்குப் பிந்திப் பூசுனோம். பேச்சு நின்ன பொறவு. ஒனக்கும் பிந்திரக் கூடாதுன்னு நெனச்சேன். வேற ஒண்ணும் இல்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்."

"கேட்டா வேண்டாம்ப."

அதுவும் சரிதான். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

யாருக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாததைத்தான் எல்லாரும் மறைத்திருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு நிம்மதி வர வேண்டும். வரவில்லை. மறைத்தால்கூட எங்கேயோ ஒரு பதில் இருக்கிறது என்று இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சோதனை முடிவு வரக் காத்திருக்க வேண்டும். எடுத்ததை மெழுகில் வைத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடியில் பார்ப்பார்களாம். கட்டி பெரியது என்பதால் பல இடத்தில் சீவ வேண்டும். அவசரப்படுத்த முடியாது. போன் செய்தால் வரவில்லை என்றார்கள். நேரில் போனாலும் வரவில்லை என்றார்கள். தெருவில் என்னைப் பார்ப்பவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். நான் உயிரோடு திரும்பி வந்தது அவர்களுக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்தது போல.

ஒரு வழியாகக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரரும் மதினியும் கூட வந்தார்கள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கூட யார் வந்திருக்கா? அவங்களை உள்ளே வரச் சொல்லுங்க" என்றார்.

கெட்ட சேதிக்குத்தான் கூட வந்த ஆளைக் கூப்பிடுவார்கள். ஆனாலும் சொன்னேன். "இருக்காவ. வெளிய இருக்கட்டும். எங்கிட்ட சொல்லுங்க."

டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"கேன்சர் இல்லம்மா. ஆனா சாதாரணக் கட்டியும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வகை இருக்கு. அது உங்களுக்கு. மத்த இடத்துல பரவல. கேன்சருக்குப் போடுற ஊசி, கரண்டு வைத்தியம் எதுவும் இப்ப தேவையில்ல. ஆனா அபூர்வமா இது திரும்ப வரலாம். அதனால மூணு மாசத்துக்கு ஒருக்க வந்து பாத்துக்கணும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"வருஷக் கணக்கா."

"நல்லதா கெட்டதாம்மா இது?"

"கெட்டது வர்றதுக்கு முன்னால எடுத்துட்டோம். நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன்."

புரியாததை இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் சொன்னார். வெளியே வந்தேன். பெஞ்சில் இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இத்தனை நாள் நான் அவர்கள் முகத்தைப் பார்த்த மாதிரி. ஒரு நொடி, நல்லபடியாக முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை. உட்கார்ந்து டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். திரும்ப வரலாம் என்பதையும் சொன்னேன். வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மதினி மெதுவாக, "இத தெருவுல சொல்லாண்டாம்" என்றாள்.

"நானே சொல்லுதேன்" என்றேன்.

சட்டி தூக்கக் கூடாத காலம் முடிந்ததும் கரைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. வழி விட்டார்கள். ஒருத்தி தன் பலகையை எனக்கு உட்காரக் கொடுத்தாள். நின்றபடியே சொன்னேன்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. எனக்கு இருந்தது கேன்சர் இல்ல. ஆனா அது மாதிரி ஆயிருக்கக் கூடியது. எடுத்தாச்சு. திரும்ப வரலாம், வராமலும் இருக்கலாம். மூணு மாசத்துக்கு ஒருக்க ஆஸ்பத்திரிக்குப் போவேன். என்னன்னு தெரியணும்னா எங்கிட்ட கேளுங்க. என் வீட்டாளுகள்ட்ட கேக்காண்டாம்."

ஏலம் விடுகிற அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார்.

"சரி, கேட்டாச்சு. இந்தப் பாறை மீன் குவியல யாரு எடுக்கிய?"

நான் விலை சொன்னேன். யாரும் மேலே கேட்கவில்லை. எனக்காக விட்டுக் கொடுத்தார்கள். அந்தக் குவியலை எடுத்துக்கொண்டேன். அடுத்த குவியலுக்கும் விலை சொன்னேன். அதற்கும் அமைதி. அண்ணாச்சி கையை உயர்த்தி முடிக்கப்போனார். அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் எனக்கு மேல் கேட்டது. நான் ஏற்றினேன். அவளும் ஏற்றினாள். நான் இன்னும் ஏற்றினேன். அவள் விடவில்லை.

"எவளா அவ?" என்று திரும்பினேன்.

"நான்தான். எம்புள்ளையும் சோறு திங்கணும்லா" என்றாள், எனக்குப் பலகை கொடுத்தவள்.

குவியல் அவளுக்குப் போனது.